விளக்கு எரிகிறது, கார் ஏன் கிளம்பவில்லை?

காலை 6.30 மணி. உங்களைப் பள்ளியில் விடுவதற்காக அப்பா காரின் சாவியைத் திருப்புகிறார். முன்பலகையில் விளக்குகள் எரிகின்றன. வானொலியும் பாடுகிறது. ஆனால், எஞ்சின் பக்கமிருந்து ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம்தான் வருகிறது.

“பேட்டரி போச்சு” என்கிறார் அப்பா. “விளக்கு எரியுதே, பேட்டரி எப்படிப் போயிருக்கும்?” என்று கேட்கிறார் அம்மா. மாணவர்களே, யார் சொல்வது சரி?

பதில் சொல்வதற்கு முன் என் கதையைக் கேளுங்கள். ஆசிரியர் பணியில் சேர்ந்த புதிதில் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கினேன். ஒருநாள் அதுவும் இப்படித்தான் ‘டக்’ என்றது. யோசிக்காமல் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தினேன். ஒரு வாரம் ஓடியது. பிறகு மறுபடியும் ‘டக்’!

பட்டறை நடத்தும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். “டீச்சர், பேட்டரிய மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பார்த்தீங்களா?” என்றார். வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை எஞ்சினின் உலோகப் பகுதியிலும் வைத்தார். “இப்ப சாவியத் திருப்புங்க.” ஏறக்குறைய 0 காட்ட வேண்டிய மீட்டர் 5 வோல்ட்டைத் தொட்டது. பேட்டரியில் குறையே இல்லை. எஞ்சினோடு இணையும் எர்த் வயரின் முனை துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ஆணியை முடுக்கினார். கார் உடனே கிளம்பியது. அந்த வாரம் வகுப்பில் நான் நடத்திய பாடம் ஓம் விதி! எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஓம் விதி சொல்லும் கணக்கு

காரின் எஞ்சினைச் சுழற்றிவிடுவது ஸ்டார்ட்டர் மோட்டார். சிறிய காரில்கூட அதற்குச் சுமார் 100 ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படும். முன்பலகையில் உள்ள சிறிய பல்புக்கோ அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை.

துருப்பிடித்த இணைப்பின் மின்தடை 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய எண்தானே? V = IR என்ற சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்.

பல்பு: 0.5 × 0.05 = 0.025 வோல்ட் இழப்பு. கண்ணுக்கே தெரியாது.

ஸ்டார்ட்டர்: 100 × 0.05 = 5 வோல்ட் இழப்பு. பேட்டரியின் 12.6 வோல்ட்டில் மோட்டாருக்கு மிஞ்சுவது 7.6 வோல்ட்தான். அதைக் கொண்டு எஞ்சினைச் சுழற்ற முடியாது.

ஆகவே, விளக்கு எரிவதை வைத்து மட்டும் பேட்டரி நல்லது என்று முடிவு செய்ய முடியாது. ‘டக்’ சத்தத்தை வைத்து மட்டும் பேட்டரி கெட்டது என்றும் முடிவு செய்ய முடியாது. அப்பா, அம்மா இருவருமே இன்னும் அளந்து பார்க்கவில்லை!

பேட்டரிக்கு வயதாகும்போது அதன் உள்ளேயே மின்தடை கூடிவிடும். இதைத்தான் அகத்தடை என்கிறோம். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, ஸ்டார்ட்டர் இயங்கும் நேரத்தில் 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் அதன் மேல் சந்தேகம் கொள்ளலாம்.

நிறுத்தும்போது பிறக்கும் பொறி

சில மழைக்காலக் காலைகளில் எஞ்சின் வேகமாகச் சுழலும், ஆனால் பற்றிக்கொள்ளாது. அப்போது ஸ்டார்ட்டரைக் குறை சொல்ல முடியாது. எரிபொருள் வருகிறதா, பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைக் கொளுத்த, பிளக்கின் சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் பொறி தாவ வேண்டும். அதற்கு 10,000 வோல்ட்டுக்கும் மேல் தேவைப்படலாம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது எப்படிக் கிடைக்கிறது?

இக்னிஷன் காயிலுக்குள் இரும்பு உள்ளகத்தின் மேல் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. முதன்மைச் சுருளில் சில நூறு சுற்றுகள். துணைச் சுருளில் பல ஆயிரம் சுற்றுகள். முதன்மைச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் உருவாகிறது. மின்னோட்டம் சீராகப் பாயும்வரை பொறி வராது. அதைச் சட்டென்று துண்டிக்கும்போது காந்தப்புலம் நொடிப்பொழுதில் மறைகிறது. துணைச் சுருளில் பேரளவு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831-ஆம் ஆண்டு மைக்கல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். காந்தப்புலம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ, அவ்வளவு அதிகமாக மின்னழுத்தம் பிறக்கும்.

எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு விநாடிக்கு 25 பொறிகள் வேண்டும்.

பழைய கார்களில் இந்த உயர் மின்னழுத்தம் நீண்ட பிளக் வயர்கள் வழியாகச் செல்கிறது. வயரின் ரப்பர் உறை வெடித்து, ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் மின்சாரத்திற்கு எளிதான குறுக்குவழி கிடைத்துவிடும். பிளக்கில் தாவ வேண்டிய பொறி வழியிலேயே எஞ்சினின் உலோகத்துக்குத் தாவிவிடும். வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் கார் தானாகக் கிளம்புவதன் மர்மம் இதுதான்.

சத்தத்தைக் கவனியுங்கள்

‘டக்’ மட்டும் வந்தால்: பேட்டரி, இணைப்புகள், ஸ்டார்ட்டர்.
மெதுவாக முனகிச் சுழன்றால்: பேட்டரியில் மின்னேற்றம் குறைவு அல்லது இணைப்பில் தடை.
வேகமாகச் சுழன்றும் பற்றாவிட்டால்: பொறி அல்லது எரிபொருள்.

இது தேடலின் தொடக்கம் மட்டுமே. அளப்பதையும் பழுது பார்ப்பதையும் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். பேட்டரியில் கந்தக அமிலம் உண்டு. அதிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் ஒரு பொறி பட்டாலே வெடிக்கக்கூடும். பிளக் வயரையும் காயிலையும் ஒருபோதும் தொடாதீர்கள்.

செய்து பாருங்கள்

புதிய 1.5 வோல்ட் மின்கலம் ஒன்று, பயன்படுத்திப் பழையதான மின்கலம் ஒன்று, சிறிய டார்ச்லைட் பல்பு, வோல்ட்மீட்டர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பல்பை இணைக்காமல் ஒவ்வொரு மின்கலத்தையும் அளந்து எழுதுங்கள். பிறகு பல்பை இணைத்து, அது எரியும்போதே அளந்து எழுதுங்கள். எந்த மின்கலத்தின் அளவு அதிகமாக இறங்குகிறது? ஏன்? விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். வீட்டில் அப்பா அம்மாவிடமும் சொல்லுங்கள். அடுத்த புதிய பேட்டரிக்கான செலவு ஒருவேளை மிச்சமாகலாம்.