கொல்லையில் பஜ்ஜி மிளகாய்: காரம் ஏறாமல் காப்பது எப்படி?

கடையில் வாங்கிய பஜ்ஜி மிளகாய் விதையைக் கொல்லையில் போட்டீர்கள். முதல் ஆண்டு காய் நீண்டு, சதைப்பற்றுடன், பிள்ளைகளும் தின்னும்படி இருந்தது. அதிலேயே விதை எடுத்து மறு ஆண்டு நட்டபோது காய் சிறுத்தது; காரமோ கண்ணில் நீர் வரவழைத்தது. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் இப்படி ஏமாந்தவர்கள் விதைக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. காரணம் பக்கத்துப் பாத்தியில் நிற்கும் சம்பா மிளகாய்.

மிளகாய் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடிதான். ஆனாலும் தேனீக்களும் எறும்புகளும் அயல் மகரந்தத்தைக் கொண்டு சேர்த்துவிடுகின்றன. அதனால் இந்த ஆண்டுக் காயின் காரம் மாறாது. உள்ளிருக்கும் விதைதான் கலப்பாகிறது. கலப்பில் காரக்குணமே ஓங்கி நிற்கும்.

காரம் குறைந்த மிளகாய் புதிதல்ல. மிளகாயின் தாயகமான மெக்சிகோவில், புவெப்ளா பகுதியின் போப்லானோ மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, பூரணம் வைத்துச் சமைக்கிறார்கள். அதன் காரம் 1,000 முதல் 2,000 ஸ்கோவில் அலகுதான். நம் பஜ்ஜி மிளகாயும் உபயோகத்தில் அதற்கு உறவுதான்.

கார்த்திகைக் கடைசியில், மழை நேரே விழாத இடத்தில், சட்டியிலோ குழித்தட்டிலோ நாற்று விடுங்கள். 35 முதல் 40 நாளில் நாற்று தயாராகும். தை பிறந்ததும் நடலாம். பாகூர் ஏரிப் பாசன நிலத்துக் களிமண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அவசியம். செடிக்கு 1 கிலோ மட்கிய தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் இட்டு, வரிசைக்கு 60 செ.மீ., செடிக்கு 45 செ.மீ. இடைவெளியில் நடவேண்டும். முன்பு கத்தரி, தக்காளி இருந்த இடம் வேண்டாம்.

காரப்பொருள் விதையில் இல்லை. விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில்தான் உண்டாகிறது. செடி தண்ணீருக்குத் தவித்தால் அது கூடும். வாடவிட்டுப் பிறகு வெள்ளமாகப் பாய்ச்சுவது கூடாது. விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஓர் அங்குல ஆழத்தில் காய்ந்திருந்தால் நீர் விடுங்கள். வைக்கோல் மூடாக்கு இட்டால் பங்குனி வெயிலிலும் ஈரம் நிற்கும். காய் முழு நீளம் வந்து, பச்சையாகப் பளபளக்கும்போதே பறித்துவிடுங்கள்.

இலை மேல்நோக்கிக் கிண்ணம்போல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கி வளைந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். முதலாவதற்கு 5 சதம் வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு போதும். இரண்டாவதற்கு 80 சத நனையும் கந்தகம், லிட்டருக்கு 3 கிராம், மாலையில் தெளிக்கவேண்டும். எதுவென்று தெரியாமல் கண்ட மருந்தையும் அடிப்பவர்கள்தான் அதிகம்! ஐயமிருந்தால் இலையைப் பறித்துக்கொண்டு குரும்பாபேட்டை வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் செல்லுங்கள். 1974-இல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் அமைந்தது நம் புதுவையில்தான்.

இனி விதைக்கு வருவோம். வாங்கியது வீரிய ஒட்டு விதையானால் எப்படிக் காத்தாலும் குணம் மாறும். ஆண்டுதோறும் வாங்கத்தான் வேண்டும். சாதா ரகமானால் வழி உண்டு. சான்று விதைக்கு 200 மீட்டர் விலகல் தூரம் கேட்கிறார்கள். கொல்லையில் அது நடக்காது. பதிலாக, நோயற்ற நல்ல செடியில் ஒரு கிளையைத் தேர்ந்து, அதில் மலர்ந்த பூவையும் பிடித்த பிஞ்சையும் கிள்ளிவிடுங்கள். மொட்டுகளை மட்டும் விட்டு, மெல்லிய மல் துணிப் பையால் கிளையை மூடிக் கட்டுங்கள். தினமும் காலையில் கிளையை இலேசாகத் தட்டினால் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும். பிஞ்சு பிடித்ததும் மீதிப் பூக்களைக் கிள்ளிவிட்டுப் பையை அவிழ்த்து, அந்தப் பிஞ்சுகளின் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். வீட்டுப் பெண்களிடமும் சொல்லிவையுங்கள். இல்லையேல் அதுவும் பஜ்ஜிக்குப் போய்விடும். நன்றாகச் சிவந்து பழுத்தபின் பறித்து, விதையை நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் ரகப் பெயரும் ஆண்டும் எழுதி வைக்கவேண்டும். இரண்டு காய் விதை ஒரு கொல்லைக்குத் தாராளம்.