மாவுப்பூச்சியும் அதன் வைரியும்

ஆழ்வார்குறிச்சியில் கடனாநதிப் பாசனத்தைச் சார்ந்த தோட்டமொன்றில், பப்பாளி இலையின் அடியில் சில மாவுப்பூச்சிகளைக் கண்ட குடியானவர் ஒருவர், மருந்துத் தெளிப்பானுடன் சித்தமாய் நின்றார். "ஐயா, இதை அடியோடு தொலைக்க வேண்டாமா?" என்று வினவினார். வேண்டாமென்றோம். காரணம் பின்வருமாறு.

ஒரு தாய்ப்பூச்சி 200 முட்டையிடுவதாகக் கொள்வோம். பாதி பெண்ணாயின், அனைத்தும் பிழைத்தால், மூன்றாந் தலைமுறையில் பெண்பூச்சிகள் மாத்திரம் 10 லட்சமாகும். அங்ஙனம் ஆகாதது ஏன்? தீனிக் குறைவு, மழை, சத்துரு ஆகியவை பெரும்பாலானவற்றை மாய்த்து விடுகின்றன. மழை, பூச்சியின் தொகையைப் பார்த்து அடிப்பதில்லை. சத்துருவோ இரை நெருங்கியிருக்கையில் தானும் பெருகும். இரை அருகினால் தானும் குறையும். இந்த வேற்றுமையே முக்கியம்.

சப்பாத்திக்கள்ளியின் கதை பெரியோர் சிலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இக்கள்ளி, தன்னை உண்ணும் பூச்சி இங்கில்லாமையால் தரிசெல்லாம் பரவிற்று. 1926-ல் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட காக்சினீல் பூச்சி அதன் சாற்றை உறிஞ்சி, சில வருஷங்களில் பெரும்புதர்களைச் சாய்த்தது. (1795-லேயே, சாயத்திற்கென்று தவறாகக் கொண்டு வரப்பட்ட வேறொரு காக்சினீல், பிற்காலத்தில் மற்றொரு வகைக் கள்ளியை அழித்தது. சாயம் மட்டம், கள்ளி போனது லாபம்!) ஆயினும் கள்ளி அற்றுப்போகவில்லை. வேலியோரங்களில் இன்றும் அங்கங்கே நிற்கிறது. பூச்சியும் அதை அண்டியே ஜீவிக்கிறது.

பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூரில் காணப்பட்டது. மருந்தடிக்கச் சொன்னவர்களில் இதை எழுதுவோரும் ஒருவர். பூச்சியின் மெழுகுப்போர்வையைக் கடந்து மருந்து செல்லவில்லை, பொறிவண்டுகளே மடிந்தன. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் என்னும் மிகச்சிறு குளவி வரவழைக்கப்பட்டது. அது இளம்பூச்சியின் உடலுள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்னும். பூச்சி பழுப்பேறி இறுகிப்போகும். விட்ட இடங்களில் மாவுப்பூச்சியின் கொடுமை விரைவில் தணிந்தது.

ஆகவே, எஞ்சிய சில பூச்சிகள் குளவிக்கு விதைநெல் போன்றவை. அவற்றையும் குளவியையும் ஒருங்கே கொன்றால், அயல் தோட்டத்திலிருந்து பூச்சி முதலில் வரும். குளவி பின்னரே வரும்.

இலையை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் காட்டினோம். பழுப்பேறிய சிலவற்றின் முதுகில் குளவி வெளியேறிய துளை தெரிந்தது. எனினும் மரத்தில் எறும்பு ஏறியிருந்தது. மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அது குளவியைத் துரத்தும். எறும்பை மட்டும் தடுக்கச் சொல்லி, 15 நாளில் மீண்டும் வருவதாகக் கூறி விடைபெற்றோம். தெளிப்பான் கொட்டகைக்குத் திரும்பியது.