காயத்தின் மேல் ஒரு தோல்

சப்ரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களில் அதிகாலையிலேயே பால்வெட்டு தொடங்கிவிடும். முன்னைய வெட்டுவாயில் பால் உறைந்து நாடாபோல் ஒட்டியிருக்கும். அதனை உரித்தெடுத்த பின்னரே தொழிலாளி பட்டையை மெல்லச் சீவுகிறார். பால் மீண்டும் சிரட்டைக்கு வழிகிறது. மரத்தின் காயத்தை மூடுவது மரத்தின் பாலே என்பதைத் தோட்டத்துச் சிறுவனும் அறிவான்.

இதையொத்த நிகழ்ச்சியொன்று மின்கலத்துள்ளும் உண்டு. உலோகங்களுள் மிக இலேசானது இலிதியம். விரைந்து வினைபுரியும் உலோகங்களுள் அதுவும் ஒன்று. மின்கலத்தின் திரவம் அதன்மீது பட்டவுடன் சிதைகிறது. சிதைந்த பொருள்கள் உலோகத்தின்மேற் படிந்து, மயிரிழையினும் ஆயிரம் மடங்கு மெல்லிய தோலாகின்றன. இத்தோல் இலிதிய அயன்களுக்கு வழிவிடும், இலத்திரன்களைத் தடுக்கும். அத்தடையினாலேயே திரவம் மேலும் சிதையாது நிற்கிறது. 1979இல் இமானுவேல் பெலெட் என்னும் அறிஞர் இதன் இயல்பை விளக்கினார்.

ஆயின் இத்தோல் நிலைப்பதில்லை. மின்னேற்றும்போது உலோகம் படிந்து பருக்கிறது. மின்னிறங்கும்போது கரைந்து மெலிகிறது. தோல் வெடிக்கிறது, வெடிப்பில் மீண்டும் புதுத்தோல் உண்டாகிறது. ஒவ்வொரு முறையும் இலிதியமும் திரவமும் சிறிது செலவாகின்றன. மரத்தின் பட்டை மீள வளரும். மூடிய கலத்துக்கு அவ்வாய்ப்பு ஏது? அன்றியும், வெடிப்பில் முளைக்கும் இலிதிய ஊசிகள் எதிர்முனையைத் தொட்டால் தீயும் மூளும். 1970களில் விற்றிங்காம் அமைத்த இலிதியக் கலத்துக்கு இடராய் நின்றவை இவ்வூசிகளே. பின்னர், 2019இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவரானார்.

1991இல் விற்பனைக்கு வந்த இலிதிய அயன் மின்கலத்தில் உலோகத்தின் இடத்தைக் கரி பெற்றது. அடுத்துக் காரீயம் அவ்விடத்தில் அமர்ந்தது. அயன்கள் அதன் அடுக்குகளுக்கிடையே சென்று தங்குவதால் பருமன் அதிகம் மாறுவதில்லை. தோலும் நெடுநாள் நிலைக்கிறது. பென்சிலில் எழுதுவதும் இக்காரீயந்தான். கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்தில், பாறைப் பிளவுகளிடையே மிகத் தூய நிலையில் அது கிடைக்கிறது.

எனினும் எடைக்கு எடை நோக்கின், இலிதிய உலோகம் காரீயத்தைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு மின்னேற்றத்தைத் தாங்கவல்லது. ஆதலின் அதன்மேல் வெடிக்காத தோலை உண்டாக்கும் திரவங்களை ஆய்வாளர் தேடி வருகின்றனர். அவர்கள் வெல்வாராயின், மின்கலத்தில் காரீயத்தின் இடம் சுருங்கலாம். காரீயத்தைத் தோண்டி ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு இது பிறர் வீட்டுச் செய்தியன்று.

ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கரும்பலகையிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. வெட்டுவாயில் உறைந்த பாலிலிருந்தே தொடங்கலாம். அளவுக்கு மிஞ்சி வெட்டினால் மரம் என்னாகும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளே எடுத்துக் கூறுவார்கள்.