கடலின் நிறம் சொல்லும் ஆழம்

1975-ஆம் ஆண்டு. பஹாமாஸ் தீவுகளை ஒட்டிய கடலில் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவின் கலிப்சோ கப்பல் நின்றிருந்தது. முக்குளிப்பவர்கள் இறங்கி, தண்ணீர் எவ்வளவு தெளிவு, அடிமணல் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளந்தார்கள். அதே கடலை விண்ணிலிருந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள் படமெடுத்தது. கூஸ்தோவும் நாசாவும் சேர்ந்து செய்த அந்தச் சோதனையின் முடிவு: தண்ணீர் தெளிவாகவும் அடித்தளம் வெளிறியும் இருந்தால், 22 மீட்டர் வரை ஆழத்தை விண்ணிலிருந்தே கணிக்கலாம்.

சூரிய ஒளியின் எல்லா நிறங்களையும் தண்ணீர் ஒரே மாதிரி விழுங்குவதில்லை. சிவப்பு சில மீட்டருக்குள் அடங்கிவிடும். பச்சை அதைத் தாண்டிப் போகும். தெளிந்த கடலில் அதிக ஆழம் இறங்குவது நீலம். அடிமணலில் பட்டு மேலே திரும்பும் ஒளியில் எந்த நிறம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால், அது எத்தனை தண்ணீரைக் கடந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

ஆனால் கடலடி எங்கும் வெண்மணல் இல்லையே! கடற்புல் அடர்ந்த இரண்டு மீட்டர் ஆழம், மணல் பரந்த பத்து மீட்டர் ஆழத்தைவிடக் கருத்துத் தெரியலாம். இதற்கு அறிவியலாளர் ரிச்சர்ட் ஸ்டம்பும் அவருடைய சகாக்களும் 2003-இல் ஒரு வழி சொன்னார்கள். நீலத்தையும் பச்சையையும் தனித்தனியே பார்க்காமல், இரண்டின் மடக்கைகளை வகுத்துப் பார்ப்பது. அடித்தளம் கருத்திருந்தால் இரு நிறமும் ஏறக்குறைய சேர்ந்தே மங்கும். விகிதம் அதிகம் அசையாது. ஆழம் கூடினால் பச்சைதான் வேகமாகக் குறையும், விகிதம் மாறும். இத்தனை எளிய கணக்கு இவ்வளவு பெரிய சிக்கலைத் தணிப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

ஆனாலும் விகிதம் மீட்டர் ஆகிவிடாது. சில இடங்களிலாவது உண்மையில் அளந்த ஆழம் கையில் வேண்டும். ஆழம் குறைந்த கடலில் அதுதான் கடினம். ஆய்வுக் கப்பல் உள்ளே வந்தால் தரைதட்டும். ஒலியலை அனுப்பி அளக்கும் கருவியும் ஆழம் குறையக் குறைய ஒரு தடவையில் சிறு பட்டையையே அளக்கும். படகு திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும்.

உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பனிப்பாறைகளின் உயரத்தை அளக்க நாசா 2018 செப்டம்பரில் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளை ஏவியது. சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 10,000 முறை பச்சை லேசர் ஒளியைக் கீழே அனுப்பும். ஒவ்வொரு துடிப்பிலும் கிளம்பும் கோடானுகோடி ஒளித்துகள்களில் ஏறக்குறைய ஒரு டஜன்தான் திரும்பி வரும். கடலுக்கு மேலே போகும்போது சில துகள்கள் நீர்ப்பரப்பிலிருந்தும், சில கடலடியிலிருந்தும் திரும்பின. மிகத் தெளிந்த நீரில் ஏறக்குறைய 40 மீட்டர் வரை அடி தெரிந்தது. தண்ணீருக்குள் ஒளியின் வேகம் குறைவதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் 10 மீட்டர் ஆழம் 13 மீட்டருக்கு மேல் எனத் தெரியும். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடக்கும் ராமர் பாலம் என்னும் மேட்டை இந்தத் துகள்கள் நமக்குக் காட்டின. 2018 அக்டோபர் முதல் 2023 அக்டோபர் வரையிலான பதிவுகளைக் கொண்டு இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மைய அறிவியலாளர்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் அதன் கடலடி வரைபடத்தை உருவாக்கி 2024-இல் வெளியிட்டார்கள். 29 கிலோமீட்டர் நீளம், கடலடியிலிருந்து 8 மீட்டர் உயரம், 99.98 விழுக்காடு தண்ணீருக்குள். குறுக்கே 2 முதல் 3 மீட்டர் ஆழத்தில் 11 குறுகிய கால்வாய்கள். இவற்றின் வழியாக மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் தண்ணீரைக் கொடுத்து வாங்குகின்றன. நாம் தீடைகள் என்னும் மணல்திட்டுகளாக அறிந்தது அந்த மேட்டின் நுனியை மட்டுமே.

நிறத்தைக் கொண்டு ஆழம் கணிக்கும்போது, இந்தக் கடலில் படம் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பது மிக முக்கியம். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் ராமேஸ்வரத்துக்கு வடக்கே, மீனவர்கள் பெண்கடல் என்னும் பக்கம் கலங்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் காலத்தில் தெற்கே, ஆண்கடல் என்னும் பக்கம் கொந்தளிக்கும். கலங்கல் நீரில் மிதக்கும் வண்டலும் ஒளியைத் திருப்பி அனுப்பும். கணினி அதைக் கடலடி என்று எடுத்துக்கொண்டு, ஆழமான இடத்தையும் மேடாகக் காட்டிவிடும். ஆகவே பல நாள் படங்களைச் சேர்த்து, தெளிந்த நாள்களைப் பொறுக்கி எடுப்பதே இந்த வேலையின் பெரும்பங்கு. இங்கே எந்த மாதம் எந்தப் பக்கம் தெளியும் என்பதைப் பாகம் என்னும் கையளவுக் கணக்கில் ஆழம் சொல்லும் மீனவர்கள் நன்கு அறிவார்கள். படங்களைத் தேர்ந்தெடுக்குமுன் அவர்களைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நன்றாகச் செய்த கணிப்பிலும் அரை மீட்டர், ஒரு மீட்டர் பிழை வரலாம். இரண்டு மீட்டர் ஆழக் கால்வாயில் அது விசைப்படகு தரைதட்டப் போதுமானது. மணலும் காற்றோடும் நீரோட்டத்தோடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எனவே கப்பல் வழிகாட்டும் வரைபடத்துக்குப் படகில் போய் அளப்பதை விட்டுவிட முடியாது. பழைய வரைபடத்தோடு புதிய படத்தை ஒப்பிட்டு, ஆழம் மாறியதாகத் தெரியும் இடங்களுக்கு அளவைப் படகை முதலில் அனுப்பலாம்.