கயிற்று முடிச்சில் உருவான யட்சி: நார்ச் சிற்பக் கலையின் பாலக்காட்டு வேர்

பாலக்காடு மாவட்டம் மலம்புழா பூங்காவில் உள்ள 30 அடி உயர யட்சி சிலை, 1969-ஆம் ஆண்டு சிற்பி கானாயி குஞ்ஞிராமனால் கான்கிரீட்டில் உருவாக்கப்பட்டது. அதற்கு 15 ஆண்டுகளுக்குப் பின், 1984-இல், மற்றொரு யட்சி உருவானாள். அவளை உருவாக்கிய மிருணாளினி முகர்ஜி கையாண்டதோ, சாயமேற்றிய சணல் நார்க் கயிறு.

கல்பாத்தித் தொடர்பு

1949-இல் மும்பையில் பிறந்த மிருணாளினி, ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜியின் மகள். பரோடா பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் கே.ஜி. சுப்ரமணியன். அவரது பெயரின் முதலெழுத்து, பாலக்காட்டின் தமிழ் அக்ரஹாரமான கல்பாத்தியைக் குறிப்பதாகும். அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் பணியாற்றிய அவர், நுண்கலை உயர்ந்தது, கைவினை தாழ்ந்தது என்ற பாகுபாட்டை ஏற்காதவர். அவரிடம் பயின்ற காலத்திலேயே மிருணாளினி நாரைக் கையாளத் தொடங்கினார்.

உருவாகும் முறை

இச்சிற்பங்களுக்குத் தறி தேவையில்லை. முன்வரைவும் கிடையாது. கயிற்றை விரல்களால் முடிச்சிட்டு, மடிப்பு மடிப்பாக வளர்த்து, தேவையான இடங்களில் உலோகச் சட்டத்தால் தாங்கி நிறுத்துவார். ஒரு சிற்பம் நிறைவடையப் பல மாதங்கள் ஆகும்.

ஆடையே உடலாக

தேவி, ருத்ரா, யட்சி, வனராஜா என்று தெய்வங்களையும் வனத்தையும் நினைவூட்டும் பெயர்களை அவர் சூட்டினார். ஆனால், ஆயுதம், முத்திரை போன்ற ஆகம அடையாளங்கள் எவையும் அவற்றில் இல்லை. உடலா, மலரா எனப் பிரித்தறிய இயலாத மடிப்புகளே உள்ளன. கோயிலில் கல் திருமேனிக்குத் துணி சாத்தப்படுகிறது. இங்கோ, இழையே திருமேனியாகிறது. தெய்வம் பற்றிய மரபு நினைவு மட்டும் எஞ்சி நிற்கிறது.

தாமதமான அங்கீகாரம்

முடிச்சு வேலை என்பதாலேயே இவை நெடுங்காலம் கைவினைப் பொருள்களாகக் கருதப்பட்டன. தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவரது வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி 2015 ஜனவரியில் தொடங்கியது. அடுத்த சில நாள்களில், பிப்ரவரி 2-ஆம் தேதி, அவர் காலமானார். நியூயார்க்கின் மெட் புரோயர் அருங்காட்சியகத்தில் 2019-இல் நடைபெற்ற பெரும் கண்காட்சியை அவரோ, 2016-இல் மறைந்த அவரது ஆசிரியரோ காணவில்லை.

கல்லைப் போல நார் நெடுங்காலம் நிலைப்பதில்லை. ஒளியில் சாயம் வெளிறும். ஈரத்தில் இழை நலியும். எனவே, இவற்றைக் கலைப் படைப்புகளாக ஏற்பதோடு, உரிய முறையில் பாதுகாப்பதும் அருங்காட்சியகங்களின் பொறுப்பாகிறது.