போன் சொல்லும் குளிசையும் வன்னியின் சிறுநீரகமும்

முழங்கால் நோவுக்கு என்ன குளிசை போடலாம் என்று கைப்போனில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் இப்போது தமிழிலேயே பதில் வருகிறது. இபுப்ரோபன், டைக்குளோபெனாக் என்று பெயர்கள் வரலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் தவிர்க்கவும் என்று ஒரு வரி எச்சரிக்கையும் சேர்ந்து வரலாம். சிக்கல் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. செட்டிகுளத்திலோ நெடுங்கேணியிலோ வயல் செய்கிறவருக்குத் தன் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறதென்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமே!

வட மத்திய மாகாணத்தில் 1990களில் கண்டறியப்பட்ட, காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் அநுராதபுர எல்லையோடு நின்றுவிடவில்லை. வவுனியாவும் பாதிக்கப்பட்ட மாவட்டம்தான். சலரோகமோ பிறஷரோ இல்லாத, வெயிலில் உழைக்கும் விவசாயிகளையே அது கூடுதலாகப் பிடிக்கிறது. கிணற்றுநீரின் வன்தன்மை, புளோரைட்டு, வயலுக்கு அடிக்கும் மருந்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பல சந்தேகங்கள் உண்டு. இதுதான் காரணம் என்று எவரும் அறுதியிடவில்லை. ஆரம்பத்தில் நோவுமில்லை, வீக்கமுமில்லை. இரத்தப் பரிசோதனையில் கிரியற்றினின் உயர்ந்து தெரியும்போது சிறுநீரகத்தின் தொழிற்பாட்டில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும். அப்படிப்பட்ட ஒருவர் நோக்குளிசையை நாளும் போட்டால் மிச்சப் பாதியும் வேகமாகக் கெடக்கூடும்.

காய்ச்சலுக்கும் இதே கதைதான். டெங்குக் காய்ச்சலில் இபுப்ரோபன் போன்ற குளிசைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிற்றமோல் மட்டுமே போடலாம். வயல்காரருக்கு வரும் காய்ச்சல் எலிக்காய்ச்சலாக இருந்தால் அதுவும் சிறுநீரகத்தையே தாக்கும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது. நீங்கள் சேற்றில் நின்றீர்களா, எந்தக் கிணற்றில் குடிக்கிறீர்கள் என்று ஊர் தெரிந்த வைத்தியர் கேட்பார். செயலியோ நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பதில் சொல்லும். பாம்பு கடித்தால் படமெடுத்துப் போனிடம் இனம் கேட்டு நேரத்தைத் தொலைப்பவர்களுக்கும் ஒரு சொல்: கண்ணாடி விரியனின் விஷம் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியது. முதலில் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது.

இதற்காக இயந்திரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சலரோகத்தால் விழித்திரை கெடுவதைக் கண்ணின் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் கூகுளின் மென்பொருள் பற்றிய ஆய்வு 2016இல் வெளிவந்தபோது, அந்த மென்பொருள் பயின்ற படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினதும் சென்னை சங்கர நேத்ராலயாவினதும் நோயாளிகளுடைய படங்களும் இருந்தன. மார்பு எக்ஸ்ரேயில் காசநோயைத் தேட, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. கண் வைத்திய நிபுணரைக் காண நாள்கணக்கில் காத்திருக்கும் முல்லைத்தீவுக்கு இவை வந்தால் நல்லதுதான். ஆனால் அதே கண் மென்பொருளைத் தாய்லாந்தின் கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது, எடுத்த படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாதென்று அது தள்ளிவிட்டது. அறையின் வெளிச்சம் போதாமை ஒரு காரணம். ஆய்வுகூடத்தில் வென்ற கருவி கிராமத்து ஆஸ்பத்திரியில் இப்படியும் தடுமாறும்.

சிறுநீரக விடயத்தில் 2019இல் பெரிதாகப் பேசப்பட்டது டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆய்வு. சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கப்போவதை 48 மணித்தியாலம் வரை முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் அது. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்க முன்னாள் படையினரின் பதிவுகளில் பயின்றது. அவர்களில் பெண்கள் ஆறு சதவீதமளவில்தான். பதிவில் இல்லாதவர்களை இயந்திரத்துக்குத் தெரியாது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பயன்பட்ட இன்னொரு மென்பொருள், வைத்தியத்துக்குக் குறைவாகச் செலவானவர்களை நோய் குறைந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டு கறுப்பின நோயாளிகளைப் பின்தள்ளியதை 2019இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இனி வன்னியை நினைத்துப் பாருங்கள். 2008 இறுதியிலிருந்து 2009 மே வரை போரில் இங்கே ஆஸ்பத்திரிகளே இடம்பெயர்ந்தன. கிளினிக் கொப்பியும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையும் பதுங்குகுழிகளில் போயின. பிறகு மெனிக் பாம் முகாம். ஆஸ்பத்திரிக்குப் போகாத காலமெல்லாம் நோயில்லாத காலம் என்று கணக்கிடும் ஒரு மென்பொருளுக்கு எங்கள் சனம் நல்ல ஆரோக்கியமானவர்களாகத் தெரிவார்கள். இதுதான் எனக்குப் பெரிய பயம்.

பதிவுகளைச் சேர்ப்பதிலும் ஆபத்து உண்டு. லண்டன் றோயல் பிறீ ஆஸ்பத்திரி, சிறுநீரக எச்சரிக்கைச் செயலியொன்றைப் பரிசோதிக்கவென்று ஏறத்தாழ 16 இலட்சம் நோயாளிகளின் விபரங்களை டீப்மைண்டுக்குக் கொடுத்தது. நோயாளிகளுக்கு அதைச் சரிவரச் சொல்லவில்லை. அது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று பிரித்தானிய தகவல் ஆணையாளர் 2017 ஜூலையில் தீர்மானித்தார். லண்டனிலேயே இது நடந்ததென்றால், இரத்தமும் சலமும் கிணற்றுத் தண்ணீரும் கேட்டு ஆய்வாளர்கள் வரும் எங்கள் கிராமங்களில் கேள்வி கேட்பது அவசியம்.

இலங்கையில் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட பாதுகாப்புக்குரியதாக வைக்கிறது. உங்கள் தகவலைப் பார்க்கவும், பிழையைத் திருத்தவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் அதில் வழியுண்டு. இயந்திரம் மட்டுமே எடுத்த, உங்கள் வாழ்வைத் தொடர்ந்து பாதிக்கும் முடிவை மீளாய்வு செய்யும்படியும் கேட்கலாம். முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன; பிற்போட்டுவிட்டார்கள். மக்களுக்குத் தேவையானதைப் பிற்போடுவதில் எங்கள் நாடு என்றும் சுறுசுறுப்புத்தான்.

அதற்காகக் கைகட்டி நிற்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இன்றே கைகொடுக்கும். அரச ஆஸ்பத்திரியில் உள்ள உங்கள் வைத்தியப் பதிவை இன்னொருவர் உங்கள் எழுத்துச் சம்மதமின்றிப் பெற முடியாது, நீங்கள் கேட்கலாம். தமிழில் எழுதினால் போதும், காரணம் சொல்லவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதியெடுக்க வேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் வரவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். எங்கள் மாவட்டங்களில் எந்த மென்பொருள் பரீட்சிக்கப்படுகிறது, தரவு யாருக்குப் போகிறது என்று பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிடம் கேட்கவும் இதே சட்டம் போதும்.

வைத்தியரின் நடத்தையில் தவறென்றால் இலங்கை மருத்துவ சபைக்கு எழுதலாம். தனியார் ஆஸ்பத்திரி என்றால் தனியார் சுகாதார சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபை இருக்கிறது. உரிமை மீறல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு. கணினி அப்படித்தான் சொன்னது என்பது பதிலாகாது, கையெழுத்திட்டவரே பொறுப்பு.

ஆய்வுக்கென்று வருகிறவர்களிடம் நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கேளுங்கள். சம்மதப் படிவம் தமிழில் இல்லையென்றால் கையொப்பம் வைக்காதீர்கள். பரிசோதனை முடிவு எப்போது கைக்கு வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வீட்டில் இன்னொருவரின் போனிலும் வையுங்கள். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் வயல் செய்யும் எவரும், நோவு எதுவும் இல்லாவிட்டாலும், அடுத்த முறை அரச ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிரியற்றினினும் சலப் பரிசோதனையும் செய்யவேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அதற்கு முன் போன் சொல்லும் எந்த நோக்குளிசையையும் வாங்கிப் போடாதீர்கள்.