பல காதுகள், ஒரு பேரேடு

“பகலிற் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே” என்றனர் நம் முன்னோர். சுவருக்கும் காதுண்டு என்றும் எச்சரித்தனர். இன்று காதுள்ள சுவர்கள் உண்மையாகவே எழுந்துவிட்டன. ஒரு சுவர் கேட்டதை மற்றொரு சுவர் அறிந்துகொள்ளும் காலமும் வந்துவிட்டது.

களனி கங்கை கடலோடு கலக்கும் மட்டக்குளியிலே, நெருங்கி நிற்கும் வீடுகளுள் ஒன்றை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். கைப்பேசி வாங்கிய நாளில் தகப்பனார் ஒரு கணக்கைத் திறந்தார். பின்னர் மகளின் படிப்புக்கென வாங்கிய டேப்லெட்டுக்கும், கூடத்துத் தொலைக்காட்சிக்கும் அதே கணக்கே போதுமென விட்டுவிட்டார். ஓரிரவு, யாவரும் உறங்கியபின், தாயார் அக்கைப்பேசியிடம் தாழ்ந்த குரலில் தமது நோயைப் பற்றி வினவுகின்றார். மறுநாள் மாலை, அயலவர் கூடியிருக்கையில், தொலைக்காட்சித் திரையிலே அந்நோய் பற்றிய வீடியோக்கள் வரிசையாய்த் தோன்றுகின்றன. எவரும் வஞ்சகம் செய்திலர். ஆயினும் இரகசியம் வெளிவந்துவிட்டது.

இஃது எங்ஙனம் நிகழ்கின்றது? 2011 இல் அப்பிளின் சிரியும், 2014 இல் அமேசனின் அலெக்ஸாவும், 2016 இல் கூகுள் அசிஸ்டன்டும் வெளிவந்தன. இக்குரல் உதவியாளர்கள் தம்மை விளிக்கும் சொல்லுக்காகக் காத்திருக்கின்றன. அச்சொல் செவிப்பட்டதும், பின்வரும் பேச்சு பெரும்பாலும் நிறுவனத்தின் கணினிகளுக்குச் சென்று எழுத்தாக மாறுகின்றது. விடையும் அங்கிருந்தே வருகின்றது. வினவியது பெரும்பாலும் கணக்கின் பேரேட்டிற் பதிவாகின்றது. அப்பேரேடு கருவிக்கு உரியதன்று, கணக்குக்கே உரியது. ஆகவே அக்கணக்கைத் திறந்துள்ள கருவிகளெல்லாம் ஒரே ஏட்டையே புரட்டுகின்றன. ஏட்டைப் பேணும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதும் உண்மை.

இதனால் நன்மை இல்லையென்று கூறோம். அடுக்களையிற் சொன்ன சாமான் பட்டியல் சந்தையிலே கைப்பேசியில் தோன்றுதல் வசதியே. 2017 இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழும் சிங்களமும் இடம்பெற்றமை, எழுத்தைத் தேடித் தட்ட இயலாத முதியோர்க்குப் பேருதவியாயிற்று.

எனினும் அடுத்த பக்கத்தையும் நோக்கவேண்டும். 2018 இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், கணவனும் மனைவியும் வீட்டிற் பேசியதைக் கட்டளையெனப் பிழையாகக் கொண்ட அலெக்ஸாக் கருவியொன்று, அப்பேச்சைப் பதிந்து அறிமுகமான ஒருவருக்கு அனுப்பிவிட்டது. பதிவுகள் சிலவற்றை நிறுவனங்களுக்காக மனிதரும் செவிமடுத்து வந்தனர் என்பது 2019 இல் வெளியாயிற்று. சிறுவரின் குரற்பதிவுகளை முறைகேடாக வைத்திருந்ததாக அமெரிக்க அரசு சுமத்திய குற்றச்சாட்டைத் தீர்க்க, 2023 இல் அமேசன் 2.5 கோடி டொலர் செலுத்த இணங்கியது.

நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தன்னைப் பற்றிய தரவைக் காணவும், திருத்தவும், நீக்கக் கோரவும் உரிய உரிமைகளை அது வகுத்துள்ளது. ஆயின், தனியொருவர் வீட்டுத் தேவைக்கென மட்டுமே கையாளும் தரவு அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றது. அஃது முறையே, கணவன் மனைவியரிடையே, பெற்றோர் பிள்ளைகளிடையே சட்டம் புகுந்து காவல் நிற்க முடியுமா? வாசற்படிக்கு உள்ளே, நம் விழிப்பே காவல்.

செய்யவேண்டியவை அரியனவல்ல. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்குத் திறத்தல் முதலாவது. கூடத்துத் தொலைக்காட்சியில் எவருடைய சொந்தக் கணக்கையும் திறந்து விடாதிருத்தல் இரண்டாவது. கணக்கினுள் உள்ள பதிவேட்டை இடையிடையே பார்த்து, வேண்டாதவற்றை அழித்தல் மூன்றாவது. பழைய கைப்பேசியை விற்குமுன் அதிலுள்ள கணக்கை நீக்கிவிடுதல் நான்காவது. இவற்றை ஆசிரியர்கள் வகுப்பிற் கற்பித்தால், மாணவர் வீட்டிலே பெற்றோருக்குச் செய்துகொடுப்பர்.

வீட்டில் இடம் குறைவாயிருக்கலாம். ஒரே அறையில் நால்வர் உறங்கலாம். அத்தகைய வீட்டிலேதான் தனக்கென ஒரு மூலை மிகுதியும் தேவைப்படுகின்றது. நள்ளிரவிலே தாழ்ந்த குரலிற் பேசிய அத்தாயார், தமது நோயை எவரிடம் எப்போது சொல்வதென்று தாமே தீர்மானிக்க விரும்பினார். அவ்வுரிமையை அவருக்கு விட்டுவைத்தல் நம் கடமையன்றோ?